டர்பனில் நடிக்க வருகிறவர்களுக்கு: ஆடிஷனுக்கு முன்னால் திரையிடலுக்குப் போங்கள்

"ஏஜென்ட் யாராவது தெரியுமா அக்கா?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடிக்க ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். நம் மக்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள், படிக்கவோ வேலைக்கோ போன வருடம் வந்து இறங்கியவர்களும் கேட்கிறார்கள். ஏஜென்ட் வேண்டும்தான். ஆனால் காட்டுவதற்கு ஒரு காட்சிகூட இல்லாமல் போய் நின்றால் அவர் உங்களை யாரிடம் அனுப்புவார்? காட்சி வேண்டுமானால் யாராவது எடுக்கும் சின்னப் படத்தில் நடித்திருக்க வேண்டும். சின்னப் படம் எடுப்பவர்களைப் பிடிக்க, அவர்கள் படம் திரையிடப்படும் இடத்துக்குப் போக வேண்டும். அதனால் திரையிடல் முதலில், ஆடிஷன் அடுத்து, ஏஜென்ட் அதற்கப்புறம். இந்த வரிசையில்தான் எழுதப் போகிறேன்.

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பகலில் கணக்கு வேலை. மற்ற நேரத்தில் விளம்பரம், மாணவர் படம், எப்போதாவது ஒரு தொடரில் இரண்டு வரி வசனம். கீழ்ப்படிகளில்தான் இன்னும் நிற்கிறேன், அதனால் அவை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் விசா

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்கு நடிக்கக் கூடாது. வேலை விசாவும் ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் கொடுத்ததுதான். ஐடி கம்பெனிக்காகக் கிடைத்த விசாவை வைத்துக்கொண்டு விளம்பரத்தில் சம்பளம் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலைக்கு இடமுண்டு. கணவரோடோ மனைவியோடோ வந்தவர்கள், வேலை அனுமதி தங்கள் விசாவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். காஸ்டிங் ஆட்கள் இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்பார்கள்.

எங்கே என்ன நடக்கிறது

தொலைக்காட்சி வேலை பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க்கில். வெளிநாட்டுப் படங்களும் பெரிய விளம்பரங்களும் கேப் டவுனில். டர்பன் இரண்டுக்கும் அடுத்த இடம்தான், ஆனாலும் வேலை உண்டு. 'உசாலோ' தொடர் 2015 முதல் இங்கே எடுக்கப்படுகிறது. அது ஜூலு மொழித் தொடர், அதில் நமக்கான வேடம் எப்போதாவதுதான். 2017-இல் வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' படமும் அதன் தொடர்ச்சிகளும், சாட்ஸ்வொர்த் குடும்பக் கதை பார்க்கக் கூட்டம் வரும் என்று தயாரிப்பாளர்களுக்குக் காட்டின. அதற்குப் பிறகு நம் முகங்களைத் தேடும் பிரீஃப், அதாவது எப்படிப்பட்ட நடிகர் வேண்டும் என்ற குறிப்பு, கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் படுகிறது. தமிழ் பேசும் வேடம் என்றால் அரிது. நமக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் அம்மா, டாக்டர், கடைக்காரர், மாமா.

திரையிடலுக்குப் போவது எப்படி

ஜூலை மாதத்தை ஒதுக்கி வையுங்கள். டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979-இல் தொடங்கியது. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் மையம் அதை நடத்துகிறது. அந்தச் சமயத்தையொட்டியே 2010 முதல் டர்பன் ஃபிலிம்மார்ட்டும் நடக்கிறது. அது தயாரிப்பாளர்கள் பணம் தேடும் சந்தை, காசு கட்டிப் பதிவு செய்தால்தான் உள்ளே போகலாம். புதிதாக வரும் நடிகருக்கு அது தேவையில்லை. விழாவின் குறும்படக் காட்சிகளுக்கு டிக்கெட் வாங்குங்கள். பெரிய படத்தின் இயக்குநர் விமானம் ஏறிப் போய்விடுவார். உள்ளூர்க் குறும்படம் எடுத்தவர் அடுத்த மாதமும் இதே ஊரில்தான் இருப்பார்.

ஜூலை தவிர, ஆண்டுக் கடைசியில் மாணவர் படங்களின் காட்சிகள் வரும். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் வீடியோவும் கற்றுத் தருகிறார்கள், ஆஃப்டா என்ற திரைப்படக் கல்லூரிக்கும் டர்பனில் ஒரு வளாகம் இருக்கிறது. மாணவர்களிடம் பணம் இருக்காது, ஆனால் கேமரா இருக்கும், ஒப்படைத்தே ஆக வேண்டிய தேதி இருக்கும். அவர்கள் நண்பர்களுக்கெல்லாம் இருபது வயது. அப்பா வேடத்துக்கும் பாட்டி வேடத்துக்கும் ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் உங்களுக்குத்தான் அங்கே மவுசு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் 44 ஸ்டான்லியில் உள்ள பயோஸ்கோப், கேப் டவுன் போனால் ஆரஞ்ச் தெருவில் உள்ள லேபியா, இரண்டும் சுதந்திரப் படங்களுக்கு இடம் கொடுக்கும் அரங்குகள். அந்த ஊர்களுக்கு எந்த வேலையாகப் போனாலும் ஒரு மாலையை மிச்சம் பிடித்து எட்டிப் பாருங்கள்.

படம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். கடைசியில் ஓடும் பெயர்களைப் படியுங்கள். இயக்குநர் பெயரை எல்லோரும் கவனிப்பார்கள். நீங்கள் முதல் உதவி இயக்குநர், தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர் பெயர்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்கள் மூன்று நான்கு படங்களில் மாறிமாறி வருவது சீக்கிரமே புரியும். ஊரில் வேலை செய்யும் கூட்டம் அவ்வளவுதான்.

அப்புறம் வெளி வராந்தா. சமூசாத் தட்டு ஒரு பக்கம், காகிதக் கோப்பையில் காப்பி ஒரு பக்கம், நடுவில் இயக்குநரைச் சுற்றி அவருடைய அத்தை, சித்தி, வகுப்புத் தோழர்கள். அந்தக் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டாம். கதவோரம் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் கிளம்பிவிட்டார்களா என்று தலை எண்ணிக்கொண்டு ஒரு பெண் நிற்பார். அநேகமாக அவர்தான் உதவி இயக்குநர். அடுத்த படத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும், அவரிடம் யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள். படத்தில் நீங்கள் உண்மையாகவே கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள்: "அந்த மழைக் காட்சியை ஒரே நாளில் எடுத்தீர்களா?" என்பது போல. பிறகு, நான் நடிக்கிறேன், அடுத்து ஏதாவது எடுத்தால் சொல்லுங்கள் என்று ஒரு வரி. அது போதும். அங்கேயே புகைப்படத்தை நீட்டுவது, ஷோரீலை (நடித்த காட்சிகளின் தொகுப்பை) கைப்பேசியில் ஓடவிட்டுக் காட்டுவது, இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே சங்கடமாக இருக்கும். மறுநாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அவர்களே கேட்பார்கள்.

கேள்வி நேரத்தில் கைதூக்குவதானால் ஒரே கேள்வி, அதுவும் படத்தைப் பற்றி. தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு "இது கேள்வி இல்லை, கருத்து" என்று முடிக்கும் அங்கிள் ஒருவர் எல்லாத் திரையிடலிலும் இருக்கிறார். அந்த இடம் நிரம்பிவிட்டது.

கையில் வைத்திருக்க வேண்டியவை

இரண்டு ஹெட்ஷாட் (முகப் படம்) போதும்: ஒன்று சாதாரணச் சட்டையில், இன்னொன்று புடவையிலோ குர்தாவிலோ. கல்யாண மேக்கப்பில் எடுத்த படம் உதவாது. கதவைத் திறந்து உள்ளே வரும் ஆள் படத்தில் இருப்பவர் போலவே இருக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குப் பெரிய தொகை கொடுக்கத் தேவையில்லை, காலை வெளிச்சத்தில் நல்ல கேமரா வைத்திருக்கும் நண்பர் எடுத்தாலே சரி.

ஒரு பக்க விவரக் குறிப்பில் உயரம், நடிக்கக்கூடிய வயது வரம்பு, மொழிகள், ஓட்டுநர் உரிமம், தெரிந்த கலைகள் எல்லாம் இருக்கட்டும். பரதம், மிருதங்கம், சிலம்பம் எதுவானாலும் எழுதுங்கள். தாத்தா காலத்துத் தெருக்கூத்தை, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிறார்களே அதை, ஆடத் தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்து உங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். தமிழ்ச் சங்கத்தின் ஐஸ்டெட்ஃபாட் போட்டி மேடையும் அனுபவம்தான், வெட்கப்பட வேண்டாம். மொழியில் மட்டும் அளக்காதீர்கள். ஜூலு சரளம் என்று எழுதிவிட்டு ஆடிஷனில் "சாவுபோனா" என்ற வணக்கத்தோடு நின்றுவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

அடையாள எண்ணை அதில் போடாதீர்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி. வயதும் வெளியே போய்விடும், மோசடிக்காரன் கையில் சிக்கினால் அதற்கு மேலும் போகும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் போது கொடுத்தால் போதும்.

பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், தலைப்பெழுத்து ஒரு பக்கம், ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி பெயர் வரும். பிறகு யார் தேடினாலும் நான்கு பேர் மாதிரி தெரிவீர்கள். திரைக்கு ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

செல்ஃப் டேப்

நம்மை நாமே வீடியோ எடுத்து அனுப்புவதுதான் செல்ஃப் டேப். இப்போது முதல் சுற்று ஆடிஷன் பெரும்பாலும் இப்படி வீட்டிலேயே நடக்கிறது. மாலையில் பிரீஃப் வரும், மறுநாள் காலைக்குள் வீடியோ போக வேண்டும். இதற்காக வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெறும் சுவர் வேண்டும். சாம்பல் நிறமோ வெளிர் நீலமோ நல்லது. சுவாமி படம், காலண்டர், தொலைக்காட்சி எதுவும் பின்னால் தெரியக் கூடாது. ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில் நிறுத்துங்கள். மார்பிலிருந்து தலை வரை தெரிந்தால் போதும். எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நிற்க வேண்டும், நீங்கள் அவரைப் பார்த்துப் பேச வேண்டும், லென்ஸைப் பார்த்து அல்ல. லென்ஸைப் பார்ப்பது அறிமுகத்துக்கு மட்டும்: பெயர், உயரம், ஊர், ஏஜென்ட் இருந்தால் அவர் பெயர், பிறகு இடமும் வலமும் திரும்பிக் காட்டுவது. விளம்பரம் என்றால் கைகளின் இரண்டு பக்கத்தையும் காட்டச் சொல்வார்கள். மருதாணி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதிர் வசனம் படிக்க என் மாமியாரைத்தான் உட்கார வைக்கிறேன். மளிகைச் சீட்டு படிப்பது போல ஒரே குரலில் படிப்பார், அதுதான் வேண்டும். உங்களைவிட நன்றாக நடிக்க முயலும் கொழுந்தனாரைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். பாதி வீடியோ அவர் குரலாகவே இருக்கும்.

டர்பனில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி சத்தம். விடியும் போதும் பொழுது சாயும் போதும் ஹடீடா பறவைகள் கூரைமேல் உட்கார்ந்து கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மைனாக்கள் நாள் முழுக்க. பக்கத்து வீட்டு நாய், வாசலில் ஹாரன் அடிக்கும் மினிபஸ் டாக்ஸி. சாட்ஸ்வொர்த்தில் சுவரை ஒட்டிய இரட்டை வீடுகளில் அந்தப் பக்கத்துப் பிரஷர் குக்கர்கூடக் கேட்கும். முற்பகல் பத்து மணி சுமார் எனக்கு ஒத்து வருகிறது: பிள்ளைகள் பள்ளியில், பறவைகள் மரத்தில், வெளிச்சமும் ஜன்னலில். தரைவிரிப்பும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறையில் எதிரொலி குறையும். லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு முன்பு போல இல்லை என்றாலும் கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

வசனத்தை எப்படிப் பிடிப்பது? ஒரு பக்கம்தான் தருவார்கள், கதை தெரியாது. "யாரிடம் பேசுகிறேன், அவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். உதாரணமாக, மகன் வீட்டை விட்டுப் போகிறான், அம்மா சாப்பாட்டு டப்பாவை நீட்டி "சாப்பிட்டுவிட்டுப் போ" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அழுகையில் தொடங்கினால் அங்கிருந்து மேலே போக இடமே இல்லை. அவளுக்கு வேண்டியது அவன் இன்னும் ஐந்து நிமிடம் இருப்பது. டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை என்பது போல அழுத்திக்கொண்டே அந்த வரியைச் சொல்லிப் பாருங்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "டர்பன் இந்தியன்" என்று பிரீஃப் சொன்னால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தெருக்களில் பேசும் ஆங்கிலத்தைத்தான் சொல்கிறார்கள். திருச்சி ஆங்கிலம் அதில் சேராது. பேருந்திலும் சந்தையிலும் காது கொடுத்துக் கேளுங்கள், வரவில்லை என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். "இந்தியாவிலிருந்து வந்த டாக்டர்" என்று கேட்டால் இன்னொரு சிக்கல்: தலையை ஆட்டி, கார்ட்டூன் போலப் பேச வைக்கப் பார்ப்பார்கள். என் வழக்கம், முதல் டேக்கை நான் நிஜமாகப் பேசும் விதத்தில் கொடுப்பது, இரண்டாவதில் கொஞ்சம் கூட்டுவது. முதல் டேக்குக்கே பல முறை சரி என்றிருக்கிறார்கள்.

இரண்டு டேக்குக்கு மேல் அனுப்ப வேண்டாம். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேடத்தின் பெயரும் இருக்கட்டும். அனுப்பியாயிற்றா, மறந்துவிடுங்கள். "பார்த்தீர்களா?" என்று வாட்ஸ்அப்பில் துரத்துவது யாருக்கும் பிடிக்காது. வேண்டாம் என்றும் பதில் வராது, இந்த ஊரில் மௌனம்தான் பதில்.

நேரில் கூப்பிட்டால்

கால் மணி நேரம் முன்னால் போய்ப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். உள்ளே "இன்னொரு மாதிரி செய்யுங்களேன்" என்றால் பயப்பட வேண்டாம், சொன்னதைக் கேட்டு மாற்றுவீர்களா என்று பார்க்கிறார்கள். கால்பேக் வந்தால், அதாவது மறுபடி பார்க்கக் கூப்பிட்டால், முதல் முறை போட்ட அதே உடையில் போங்கள். "ஹோல்ட்" என்றோ "பென்சில்" என்றோ சொன்னால், அந்தத் தேதிகளைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். வேலை இன்னும் உறுதியாகவில்லை, ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள்.

நம் ஆட்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். தைப்பூசக் காவடிக்கு அலகு குத்திக்கொள்கிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள், அந்தத் தேதியை ஏஜென்ட்டிடமோ தயாரிப்பு ஆட்களிடமோ முன்பே சொல்லுங்கள். பாதிப் படப்பிடிப்பில் கன்னத்தில் தழும்போடும் தலையில் முடி இல்லாமலும் போய் நின்றால் எடுத்ததெல்லாம் வீண். அடுத்து உணவு விளம்பரம். வாயில் வைத்துக் கடிக்கப்போவது எது என்று ஆடிஷனுக்கு முன்பே கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், விரத மாதம் என்றெல்லாம் அப்போது சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. செட்டில் பர்கர் கைக்கு வந்தபின் சொன்னால்தான் பிரச்சினை.

பணமும் காகிதமும்

சேருவதற்கே காசு கேட்கும் ஏஜென்சியை விட்டு விலகுங்கள். "பதிவுக் கட்டணம்", "எங்கள் போட்டோகிராஃபரிடம்தான் போர்ட்ஃபோலியோ" என்று ஆரம்பித்தாலே வேறு வியாபாரம். ஒழுங்கான ஏஜென்ட் நீங்கள் சம்பாதித்தபின் அதிலிருந்து கமிஷன் எடுப்பார். கூட்டத்தில் நிற்கும் எக்ஸ்ட்ரா வேலைக்குத் தனி ஏஜென்சிகள் உண்டு. செட் எப்படி இயங்குகிறது என்று பார்க்க ஓரிரு நாள் போகலாம், அதையே பழக்கமாக்க வேண்டாம்.

விளம்பரத்தில் நாள் சம்பளம் வேறு, பயன்பாட்டுத் தொகை வேறு. எந்தெந்த நாடுகளில், எத்தனை மாதம், தொலைக்காட்சியிலா இணையத்திலா என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது தொகை. ஒரு வங்கிக்கு நடித்தால் குறிப்பிட்ட காலம் வேறு வங்கிக்கு நடிக்கக் கூடாது என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் நடிகர்களைப் பெரும்பாலும் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாகத்தான் வைக்கிறார்கள். ஊழியருக்குரிய பாதுகாப்பு தானாக வராது, காகிதத்தில் இருப்பதுதான் கணக்கு. மறு ஒளிபரப்புக்குப் பணம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2009-இல் தொடங்கிய சாகா என்ற தென்னாப்பிரிக்க நடிகர் அமைப்பு இந்த விஷயங்களில் நடிகர்கள் பக்கம் பேசுகிறது. தொடர்ந்து வேலை வர ஆரம்பித்ததும் உறுப்பினராகுங்கள்.

குழந்தையை நடிக்க அனுப்புகிறவர்களுக்கு: 15 வயதுக்குக் கீழே என்றால் தொழிலாளர் துறையின் அனுமதி வேண்டும். அதை வாங்குவது தயாரிப்பாளர் வேலை, பிரதியைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

மாணவர் படத்துக்குச் சம்பளம் இருக்காது. பெட்ரோல் காசு, சாப்பாடு, முடிந்த படத்தின் பிரதி, மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நடித்த படம் திரைக்கு வரும்போது

சின்னப் படத்தில் நடிகர் நடிகராக மட்டும் இருக்க முடியாது; நாற்காலி போடுவதிலிருந்து எல்லாம் தலையில் விழும். பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டின் வயது வகைப்பாடு வேண்டும் என்பதை இயக்குநர் அறிந்திருக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டு வையுங்கள். பின்னணியில் தமிழ் சினிமாப் பாட்டு ஓடுகிறதா? உரிமை வாங்காமல் விழாவுக்கு அனுப்ப முடியாது. இளையராஜா பாட்டைக் கல்யாண வீடியோவில் போடுவது போலப் படத்திலும் போட்டுவிட்டு, கடைசி வாரத்தில் ஒலியையே மாற்றிய படங்கள் உண்டு.

தமிழ் வசனம் இருந்தால் ஆங்கிலத் துணையெழுத்து கட்டாயம். சாட்ஸ்வொர்த் கூட்டத்திலும் இளையவர்கள் பலருக்கு அது வேண்டும். பெரிய அரங்குகள் டிசிபி என்ற திரையரங்க டிஜிட்டல் வடிவத்தில் கேட்கும், சின்ன அரங்கில் மடிக்கணினியிலிருந்தே ஓட்டுவார்கள். எதுவானாலும் அன்று மதியமே போய் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும்: துணையெழுத்து திரைக்குக் கீழே வெட்டுப்படுகிறதா, வசனம் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா.

உறவுக்காரர்களைக் கூட்டி வாருங்கள், ஆனால் நீங்கள் வரும் காட்சியில் விசிலடிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மேடைக்குக் கூப்பிட்டால் உடன் நடித்தவர் பெயரையும் லைட் பிடித்தவர் பெயரையும் சொல்லுங்கள். அன்று வராந்தாவில் உங்களிடம் பேச யாராவது தயங்கித் தயங்கி வருவார்கள், நின்று பேசுங்கள்.

மறுவாரமே இயக்குநரிடம் உங்கள் காட்சியைக் கேளுங்கள். "என் பகுதி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் மாதக்கணக்கில் வராது. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்துக் கொடுத்து, ஒரு பென்டிரைவையும் கையோடு கொண்டுபோங்கள். மாணவர்களின் ஹார்ட் டிஸ்க் எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. கிடைத்ததும் இணையத்தில் போட்டுவிடாதீர்கள்: சில விழாக்கள் ஏற்கெனவே வெளியான படத்தை எடுக்காது, இயக்குநர் இன்னும் எங்கெங்கோ அனுப்பிக்கொண்டிருப்பார். அவர் சரி என்று சொல்லும் வரை கடவுச்சொல் போட்ட இணைப்பாக வைத்திருந்து, ஏஜென்ட்டுக்கு எழுதும்போது அந்த இணைப்பையும் கடவுச்சொல்லையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.